இருட்டறை கண்ட சித்திர ஆசிரியர் ஞானசம்பந்தம் அவர்களுக்கு

வண்ணத்தில் வாழ்ந்து, வயது ஐம்பதைக் கடந்தபின் கருப்பிலும் வெளுப்பிலும் வல்லமை கண்ட வித்தகரே! சாரல் போல் சாந்தம் பொழியும் சீலரே! வணக்கம்.

இன்று ஓய்வுபெறும் நீர் இருபத்தெட்டு ஆண்டுகள் இப்பள்ளியில் சித்திரம் பயிற்றினீர். வட்டம் வரையச் சொன்னால் வடை வரைந்த பிள்ளைகளையும் நீர் கடிந்ததில்லை. பிறர் ஓய்வை எண்ணும் பருவத்தில் கேமராவும் படம் கழுவும் மருந்தும் வாங்கிவந்து புதுப்பாடம் தொடங்கினீர்! பூகோளப் படங்கள் கிடந்த அறையை இருட்டறையாக்கி, அரிக்கன் விளக்குக்குச் சிவப்புத் துணி சுற்றி, பீங்கான் தட்டுகளைப் பரப்பினீர். கிணற்றுநீரின் வெதுவெதுப்பில் பிலிமின் மேற்பூச்சு இளகிப்போக, விடியலில் குற்றாலம் சென்று அருவிநீர் கொணர்ந்தீர். ஊரே குளிக்கப் போகும் இடத்துக்குக் குடத்தோடு போனவர் நீர் ஒருவரே!

நான்கு ஆண்டுகளுக்கு முன், பள்ளிக்குத் தண்ணீர் சுமக்கும் மாடத்தியம்மாளின் ஒரே மகன் சொரிமுத்து பட்டாளத்துக்குப் புறப்பட்ட நாளில் அவனைப் படம் பிடித்தீர். "ஹைப்போ மருந்துல பிலிம் ஊறி முடியிறவரைக்கும் கதவத் தொறந்துராதீய" என்று உடன் ஆசிரியர்களான எங்களுக்குப் பலமுறை சொன்னீர். முகம் விழுந்ததா என்று பார்க்கும் ஆவலில் நாங்கள் திறந்தோம். வெளிச்சம் பட்டுப் பிலிம் முழுதும் கரியாயிற்று. சொரிமுத்து அதற்குள் ரயிலேறிவிட்டான்.

அந்தத் தாய் வந்து நின்றபோது நீர் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. "மருந்துல நாந்தான் கை தவறிட்டேன், தாயி" என்றீர். "போவட்டும் சார்வாள். இனி அவன எப்பம் பாக்கப்போறனோ" என்று சொல்லிவிட்டு அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் உம் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொண்டோம். வெட்கக்கேடு!

நீர் ஓயவில்லை. சொரிமுத்துவுக்குக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதி, முகாமில் எடுத்த அவன் படத்தின் நெகட்டிவை எட்டு மாதத்தில் வரவழைத்தீர். படம் போட்ட அன்று மாடத்தியம்மாளை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டீர். நாங்கள் கதவுக்கு முதுகு கொடுத்துக் காவல் நின்றோம். மருந்துத் தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் மகன் முகம் மெல்லத் தெரிந்ததும், "ஏலே சொரிமுத்து, இப்படி மெலிஞ்சிட்டியேலே!" என்று அவர் கூவியது வெளியே கேட்டது. எங்கள் மனபாரம் அன்று பாதி குறைந்தது.

குணக்குன்றே! உம் துணைவியார் உலகம்மையுடன் நோயற்று, நூறாண்டு நிறைந்து வாழ்வீராக! உம்மைப் பிரிவது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஒன்று மட்டும் உம்மைக் கேளாமல் இம்மடலில் எழுதிவிட்டோம். கேட்டிருந்தால் தடுத்திருப்பீர். அன்று நடந்தது இன்றுவரை மாடத்தியம்மாளுக்குத் தெரியாது. இப்பிரிவுபசார விழாவில் முன்வரிசையிலிருந்து இதைக் கேட்கும் தாயே! சார்வாள் கை தவறவே இல்லை. திட்டுவதானால் எங்களைத் திட்டுங்கள்.

தென்காசி,
சுபானு ஆண்டு, பங்குனி

இங்ஙனம்,
ஒருவர் விடாமல் கையொப்பமிட்ட
பள்ளி ஆசிரியர்கள்