ஒட்டுக்கேட்கும் பெட்டிக்கு ஒரு பொன்னாடை

நேரங்கெட்ட நேரத்தில் எழுதிய பேச்சு இது. மகன் தூங்கிய பிறகுதான் பேனாவைத் தொட முடிந்தது. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் ஐயா குழந்தைவேலு அவர்களே, நம் மலையின் குண்டூர் நாட்டுப் பெரியோர்களே, இடுப்பில் பிள்ளையும் இதயத்தில் பதற்றமுமாய் வந்திருக்கும் தாய்மார்களே, பொன்னாடைக்குத் தோளைத் தயாராக வைத்திருக்கும் அர்த்தனாரி அண்ணன் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வாழ்த்துரை வழங்க அழைத்தீர்கள். வாழ்த்துகிறேன். யாருக்கு வாய்க்கும் இப்படியொரு செவி? போலீஸ்காரர்கள் வயர்லெஸ்ஸில் பேசினால், மிளகு மண்டியில் அமர்ந்தபடி அண்ணன் கேட்கிறார். கொண்டை ஊசி வளைவில் லாரி நின்றால், அடிவாரத்துக் காரவள்ளிக்குத் தெரியுமுன் நம் வாட்ஸ்அப் குழுவுக்குத் தெரிகிறது. கைக்கு அடக்கமாய் ஒரு ஸ்கேனர். காடு மேடெல்லாம் அதன் காது!

உரிமம் இல்லாமல் அந்தக் கருவியை வைத்திருப்பது குற்றம், நமக்காகப் பேசாத பேச்சை ஒட்டுக்கேட்டுப் பரப்புவதும் குற்றம் என்று, படித்த திமிரில் ஒருமுறை சொல்லிவிட்டேன். அண்ணன் சிரித்தார்.

"கேக்கறதுக்குக் காது குடுத்தது சாமி. சொல்றதுக்கு வாய் குடுத்ததும் சாமி. நடுவுல சட்டம் எங்கிருந்து வந்துச்சு கண்ணு?"

கைதட்டுங்கள். சட்டம் இயற்றியவர்களுக்கு இந்த ஞானம் வாய்க்கவில்லை.

போன மாதம் என்ன நடந்தது? மலைப்பாதையில் போலீசார் விபத்து ஒத்திகை நடத்தினார்கள். ஒத்திகை என்று முதலிலேயே வயர்லெஸ்ஸில் அறிவித்தார்கள். அண்ணன் அப்போது மிளகுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்துப் பெட்டியைத் திருகினால், பள்ளி வேன் பள்ளத்தில் என்று கேட்கிறது. உடனே குழுவில் குரல்பதிவு. சரிபார்த்தாரா? அதற்குள் சேதி ஆறிவிடாதா!

ஓடினோம். அடுப்பை அணைக்காமல் ஓடினோம், செருப்பைத் தேடாமல் ஓடினோம். ஜீப், பைக், மினி லாரி என்று கிடைத்ததில் தொற்றி, பக்கத்து ஆலத்தூர் நாட்டு சனமும் சேர்ந்து, பாதையை அடைத்துக்கொண்டு நின்றோம். பிள்ளைகளோ வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் நின்றது. அது ஒத்திகை இல்லை. உள்ளே இருசாயி, தலைப்பிரசவம், நிற்காத ரத்தம். அவள் கணவர் மாதன் இறங்கி ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கும்பிட்டார்.

"ஏனுங்க, கொஞ்சம் வழி உடுங்க. உள்ள ரெண்டு உசுருங்க."

இருசாயி வீடு திரும்பினாள். வெறுங்கையோடு திரும்பினாள்.

அவர் வேண்டுமென்றா செய்தார் என்று ருக்குமணியக்கா கூட்டத்திலிருந்து கேட்கிறார். இல்லீங்க அக்கா. அண்ணனுக்கு நல்ல மனசு. பாதியைக் கேட்டுப் பதறுகிற நல்ல மனசுக்காகத்தான் அக்கா அந்தச் சட்டமே. முன்னும் பின்னும் தெரிந்த போலீசாருக்கான பேச்சு அது, மண்டிக்கான பேச்சா? குழுவுக்கான பேச்சா? இதற்கா பொன்னாடை?

பொறுமை காத்த பெரியோருக்கும், கண் துடைக்கும் தாய்மாருக்கும் நன்றி, வணக்கம்.

அர்த்தனாரி அண்ணா, நாளைக்கும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி அந்தப் பாதையில்தான் இறங்க வேண்டும். ஸ்கேனரைப் போலீசில் ஒப்படைக்கிறீர்களா? மைக்கை உங்களிடம் தருகிறேன். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.