மடிப்புக்குப் பட்டா

ரோஸ்லின் டீச்சர் கண்டுபிடித்த காகித மடிப்பை என் புத்தகத்தில் என் பெயரில் போட்டுக்கொண்டேன். அது திருட்டு. அப்படி மடித்த முப்பது தாள்களைப் பசையில்லாமல் ஒன்றில் ஒன்று செருகினால் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வரும்.

போன மாதம் மலையில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் சேலம் பஸ் ஏறினேன். இரண்டு இருக்கை முன்னால் ரோஸ்லின், பக்கத்தில் வெள்ளக்கடை ஊரிலிருந்து ஒரு அம்மா.

"ஏனுங்க டீச்சர், தாள மடிக்கறதுக்குமா பட்டா வாங்கோணும்?"

"என்னத் திருடிங்கறாங்க. அதே மடிப்ப ஜப்பான்காரர் ஒருத்தர் முன்னாலயே போட்டுட்டாராம். சர்ச்சுல போன்ல படத்தக் காட்டறாங்க."

"நீங்க அதப் பாத்தீங்களா?"

"எங்கீங்க பாத்தேன்? ஊட்டுல பழைய காலண்டர் தாள மடிச்சேன், வந்துச்சு."

"புத்தகம் போட்ட அந்த மாஸ்டர் பேருல இருந்தப்ப?"

"ஒருத்தரும் கேக்கலீங்க. எம்பேரு வந்ததும் தேடிப் பாத்திருக்காங்க. எம்பேரப் போடச் சொல்லி நான் கேட்டனா?"

"சர்ச் வாசல்ல இந்த வருசமும் ஸ்டார் கட்டுவீங்கல்ல?"

"இனி அதத் தொடமாட்டேனுங்க."

மறுபதிப்பில் அவர் பெயரைப் போட்டவன் நான்தான். பரிகாரம் என்று நினைத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் மப்ளரை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சேலம் வரை வந்தேன்.

இந்த டிசம்பரில் சர்ச் வாசலில் பிளாஸ்டிக் நட்சத்திரம் தொங்கியது.