கறுப்புச் சாயம் ஓடிய நாள்

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் முதலில் எலுமிச்சந்தோலால் கையைத் தேய்த்துக் கழுவுவேன். பிறகுதான் தேத்தண்ணி. அப்படியும் என் மனைவி ராசம்மா மூக்கைச் சுளிப்பாள். "இந்தக் கையாலயா சோறு பெசையப் போறீங்க?" என்பாள். கழிவுநீர் வேலையில் இருக்கிறவன் இதற்கெல்லாம் கோபப்படக் கூடாது, நீதவான் ஐயா.

இந்த வாக்குமூலத்துக்காக என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. சந்திரபோஸ் எப்படிச் செத்தார் என்று அவருடைய மனைவி கிருஷ்ணம்மா இத்தனை வருடம் கழித்துக் கேட்டிருக்கிறார். கேட்டால் சொல்ல வேண்டியதுதானே.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை அறைகளில் ஒன்றில் பிறந்தவன். எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் லயத்தை எரித்தார்கள். ஓடும்போது நான் கையில் எடுத்துக்கொண்டது பாடப் புத்தகங்களை மட்டும். தட்டுத் தடுமாறி டிப்ளோமா முடித்தேன். யட்டவத்த ரோட்டில் அந்தச் சாயப் பெக்டரி வந்தபோது, நாற்றத்துக்குப் பயந்து மற்றவர்கள் ஒதுங்கிய சுத்திகரிப்புப் பகுதியை நானாகக் கேட்டு வாங்கினேன். தொட்டிகளுக்குக் கொங்கிரீட் போட்ட நாளிலிருந்து அங்கே இருந்தவன் நான். சாயமாக உள்ளே வரும் தண்ணீர் ஓடைக்குப் போகும்போது அதில் மீன் நீந்தும். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள் வந்தால், முதலாளி என்னைத்தான் கூப்பிட்டுக் காட்டச் சொல்வார். பிரதம பொறியியலாளர் பதவி மட்டும் காலியாகவே கிடந்தது. அது எனக்குத்தான் என்று நான் நினைத்ததில் தவறு இருப்பதாக இப்போதும் தோன்றவில்லை.

தொண்ணூற்றெட்டில் போஸ் வந்தார். பேராதனைப் பட்டதாரி. அவரும் லயத்துப் பிள்ளைதான், என்னைவிட எட்டு வயது இளையவர். வெளிநாட்டுக்காரர்கள் பட்டம் பெற்றவரைக் கேட்கிறார்கள், வருடம் பிறந்ததும் பதவியைப் போஸுக்குக் கொடுத்துவிடலாம் என்று முதலாளி என்னிடமே சொன்னார். நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

போஸ் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"அண்ணே, பேருதான் எனக்கு. பிளான்ட் ஒங்களுதுதான். நீங்க இல்லாட்டி ஒரு பம்பும் ஓடாதுங்க" என்று என் தோளில் கை போடுவார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டதில்லை.

அவருக்கு ஒரு குணம் இருந்தது. மழை கொட்டிய ஒரு நாள், வாய்க்கால் வெள்ளம் ஓர் ஆட்டை அடித்துக்கொண்டு போனது. யாருடைய ஆடு என்றுகூடத் தெரியாது. சப்பாத்தோடு குதித்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆட்டுக்கே குதிக்கிறவர், ஆளுக்குக் குதிக்காமல் இருப்பாரா என்று தட்டும்போதே ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பை நான் துரத்தவில்லை, அவ்வளவுதான்.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். கறுப்புத் துணிக்குப் போடும் சாயத்தில் கந்தகம் உண்டு. அந்தத் தண்ணீரில் அமிலம் கூடிப்போனால் ஒரு வாயு கிளம்பும். முதல் மூச்சில் அழுகிய முட்டை நாற்றம். அளவு ஏறிவிட்டால் நாற்றமே தெரியாது, மூக்கு மரத்துவிடும். பிறகு ஒன்றிரண்டு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார். இதையெல்லாம் எங்களுக்கு வகுப்பெடுத்துச் சொன்னவரே போஸ்தான்.

தொட்டி கழுவும் மாரிமுத்து அதை நம்பவில்லை. முன்பு கலேவெலப் பக்கம் கிணறு வெட்டியவர். கிணற்றில் இறங்குமுன் அரிக்கேன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அணைந்தால் உள்ளே கெட்ட காற்று. எரிந்தால் இறங்கலாம். எங்கள் தொட்டிக்கும் அவர் அதே லாம்பைத்தான் கொண்டு வருவார்.

"கெணத்துக் காத்து வேற, இது வேற மாமா. இந்தக் காத்துல லாம்பு எரியும், ஆளுதான் அணைஞ்சி போவாரு. மீட்டர் வர்ற வரைக்கும் ஒருத்தரும் எறங்கப்படாது" என்றார் போஸ்.

"ஒங்க மீட்டருக்கு ஆமிக்காரன் பாஸ் குடுக்கட்டும், அப்புறம் பாப்போம் சேர்" என்று மாரிமுத்து சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

வாயு அளக்கும் அந்த மீட்டர் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. போஸ் லீவில் இருந்த நாளில் நான்தான் வாங்கி, என் அலுமாரியில் மழைக்கோட்டுகளுக்கு அடியில் வைத்தேன். செக்பொயின்ட்டில் ஆமிக்காரர்கள் நிறுத்திவிட்டார்களாம் என்றேன். மின்கலமும் முள்ளும் உள்ள பொருள், தமிழ்ப் பெயருக்கு வருகிற பொட்டலம். குண்டு வெடித்த அந்த யுத்த நாட்களில் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். மீட்டரை என் கையில் கொடுத்த உண்மையை, விற்ற கடைக்காரர் இப்போதுதான் கிருஷ்ணம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

பெரிய கறுப்பு ஓர்டர் ஓடிய வாரம் அது. மூடிய தொட்டியில் பம்பைப் பஞ்சு அடைத்துக்கொண்டது. காலையில் அமிலக் குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டேன். தொட்டியில் இறங்குகிறவர் இடுப்பில் கட்டும் கயிற்றை, சுமை கட்ட என்று லொறிக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பினேன். போஸ் பரிசோதனைக் கூடத்துக்குள் போனதும் மாரிமுத்துவைக் கூப்பிட்டேன்.

"போஸ் சேர் வேணாம்னாரே தம்பி."

"லாம்ப எறக்கிப் பாருங்க மாமா. அணைஞ்சா வேணாம். நான் ஒங்களக் கட்டாயப்படுத்தலயே."

கயிறு இல்லாததால் கம்பி நுனியில் மாட்டி இறக்கினார். லாம்பு எரிந்தது.

"பாத்தீங்களா, சாமி வெளக்கு மாதிரி நிக்குது. மொதல்ல நாறுச்சு, இப்ப அதுவும் இல்ல. படிச்சவங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று சிரித்தபடி ஏணியில் கால் வைத்தார். பாதியிலேயே கை நழுவியது. கத்தவில்லை. சேற்றில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

நான் காற்று வருகிற பக்கமாகத் தள்ளி நின்று, போஸைக் கூப்பிட்டேன்.

ஓடி வந்தார். உள்ளே எரியும் லாம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரு எறங்கச் சொன்னது?" என்றார். ஒரு நொடி அவர் கால் பின்வாங்கியது. படித்தவர் அல்லவா. அப்போது நான், "இன்னும் அசையிறாரு போஸ்" என்றேன். மாரிமுத்து அசையவில்லை.

போஸ் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறங்கினார். நல்ல பலசாலி. மாரிமுத்துவை அக்குளில் பிடித்துத் தூக்கி, ஏணி உச்சிவரை கொண்டுவந்துவிட்டார். இவ்வளவு தூரம் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் கையை நீட்டவில்லை. அதனால் அவர் வாய் திறக்க வேண்டி வந்தது.

"புடிங்கண்ணே" என்றார்.

அதைச் சொல்வதற்கு அவர் மூச்சை விட்டார். பிறகு இழுத்தார்.

எனக்கு எட்டவில்லை என்று அன்று பொலிஸில் சொன்னேன். எட்டியது.

மரண விசாரணையில், ஓடி வந்து பார்த்தபோதும் லாம்பு எரிந்துகொண்டிருந்தது என்று தொழிலாளர்கள் எல்லோரும் சொன்னார்கள். விபத்து என்று முடிந்தது. பதவி எனக்கு வந்தது. கிருஷ்ணம்மா வீட்டுக்கு நானே போய்ப் பந்தல் போட்டேன். அடுத்த மாதம் மீட்டரை வெளியே எடுத்து, அது இல்லாமல் யாரும் தொட்டியில் இறங்கக் கூடாது என்று சட்டம் வைத்தேன். அதன் பிறகு என் பொறுப்பில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. எத்தனையோ பேர் உயிரை அந்தச் சட்டம் காப்பாற்றியிருக்கும். அதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

உங்கள் எழுதுநர் இரண்டு பெயர்களை எழுதுகிறார், ஐயா. ஒன்றை வெட்டச் சொல்லுங்கள். மாரிமுத்து மீது எனக்கு எந்த மனக்கசப்பும் இருந்ததில்லை. என் அப்பாவோடு ஒரே லயத்தில் இருந்தவர், என்னைத் தூக்கி வளர்த்தவர். அவர் வேலைக்குத்தான் இறங்கினார். நான் கொன்றது ஒருவரைத்தான்.