கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகள்

– டிவி வந்த அட்டைப்பெட்டி எங்க? மிக்சியோடது இருக்கு, ஃபேனோடது இருக்கு. அதை மட்டும் காணோம்.

– தூக்கிப் போட்டுட்டேன்.

– போட்டுட்டியா? ஊருக்குப் போறப்போ டிவியை எதுல வெச்சு அனுப்பறது? இந்த பாரு, ஒவ்வொரு பெட்டியையும் உள்ள இருந்த தெர்மாகோலோட பத்திரமா கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தேன்.

– ஆமா, பின்ன? இத்தனை வருஷமா குடோனுக்கு மேலதானே படுத்துத் தூங்கறோம். அந்த டேப்பைக் கீழ வெச்சுட்டு ஒரு நிமிஷம் உக்காருங்க.

– உக்கார நேரமில்ல. தட்டெல்லாம் எடுத்து பேப்பர் சுத்து. மாசக் கடைசியில கிளம்பறோம். முடிவு பண்ணியாச்சு.

– யாரு பண்ணது?

– நான்தான். மேனேஜர் கூப்பிட்டார், காண்ட்ராக்டை நீட்டிக் குடுக்கறேன், இருன்னார். கெஞ்சாத குறை. வேணாம்னுட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

– என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?

– உன்னை என்ன கேக்கறது? வந்த புதுசுல ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, எப்போ ஊருக்குப் போறோம், எப்போ ஊருக்குப் போறோம்னு அழுதவதானே நீ?

– அது அவ. நான் வேற.

– என்ன வேற?

– அவளுக்கு ரொட்டி வாங்கப் போகக்கூட நீங்க துணைக்கு வரணும். நான் பஸ் மாறி பஸ் மாறி ஊரையே சுத்தி வரேன். அவளுக்கு முழங்கால் தண்ணியைப் பாத்தாலே உதறும். நான் நீச்சல் குளத்துல விசிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, என்னைவிடப் பெரிய பொம்பளைங்களை எல்லாம் அதட்டித் தண்ணியில இறக்கறேன்.

– பொழுது போகலன்னு போய் கத்துக்கிட்டதுதானே அது?

– பொழுது போகலன்னுதான் போனேன். இப்போ அது இல்லாம பொழுது விடியறதில்ல. அங்க எல்லாரும் என்னை என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. ஊர்ல நான் யாருங்க? பெரிய மருமக, அண்ணி, நம்ம பையனோட அம்மா. என் பேரெல்லாம் கல்யாணப் பத்திரிகையோட சரி.

– ஏன், ஊர்ல தண்ணி இல்லையா? அங்க போய் சொல்லிக் குடேன்.

– யாருக்கு? உங்க அக்கா வருவாங்களா, நீச்சல் உடுப்பு போட்டுக்கிட்டு?

– அக்காவை ஏன் இழுக்கற?

– உங்களுக்கே சிரிப்பு வருது பாருங்க.

– சிரிக்கல. இந்த பாரு, எனக்கு இந்த ஊரே அலுத்துப் போச்சு.

– ஐயாவுக்கா? லீவு நாள் வந்தா புள்ளையைக் கூட்டிட்டுப் போய், இது அப்பா மாட்டின லிஃப்ட், அது அப்பா மாட்டின லிஃப்ட்னு ஏத்தி ஏத்தி இறக்கினவருக்கா?

– இல்லைன்னு சொல்லலையே. லிஃப்ட் குழியில இறங்கி கிரீஸ் துடைக்க வந்தவன் நான். தலைகாணிக்கு இடமில்லாத ரூம்ல ஆள் மேல ஆளா படுத்துக் கிடந்தோம். இன்னைக்கு நான் பாத்து சரின்னு சொல்லாம ஒரு லிஃப்டும் ஓடாது. இந்த ஊர்தான் என்னை ஆளாக்குச்சு.

– அப்புறம் ஏன் அலுத்துப் போச்சு?

– அம்மாவுக்கு உடம்பு முடியல.

– காலையில பேசினேனே. பக்கத்து வீட்டம்மாவோட சண்டை நடந்துட்டிருந்துச்சு. குரல் கணீர்னு இருந்துச்சு.

– பையன் தமிழை மறந்துடுவான்.

– நேத்து என்னைப் பாத்து ‘சும்மா தொணதொணக்காதம்மா’ன்னான். நல்லாத்தான் வருது.

– எதுக்கெடுத்தாலும் ஒரு பதில் வெச்சிருக்கே! கயிறு எங்க போச்சு? இங்கதானே வெச்சேன்.

– உங்க தோள்ல கிடக்கு. ஏங்க, எதுக்கு இப்படி ரூமுக்கும் ஹாலுக்கும் நடந்துக்கிட்டே இருக்கீங்க? கட்டினதைப் பிரிக்கறீங்க, பிரிச்சதைக் கட்டறீங்க. பட்டப்பகல்ல வேலைக்குப் போகாம என்ன இது?

– லீவு போட்டிருக்கேன்.

– லீவு போட்டவர் எதுக்கு யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க?

– அது... சும்மா. பழக்கம்.

– என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

– என்னத்தைச் சொல்ல? மேனேஜர் கெஞ்சல. நான்தான் கெஞ்சினேன். போதுமா? கட்டடத்து லிஃப்ட் வேலையையெல்லாம் வேற கம்பெனிக்கு விட்டுட்டாங்களாம். அவங்க ஆளோட வராங்களாம். என் விசா இந்த மாசத்தோட முடியுது. என் விசாலதான் நீயும் பையனும் இருக்கீங்க. நான் போனா உங்களையும் அனுப்பிடுவாங்க. உன் விசில், உன் குளம், எல்லாமே என்னால போகுது. இதை எந்த வாயால உன்கிட்ட சொல்வேன்? எனக்கே வேணாம்னு சொன்னா கொஞ்சம் கௌரவமா இருக்கும்னு பாத்தேன். அவ்வளவுதான் விஷயம்.

– தெரியும்.

– தெரியுமா? யாரு சொன்னா?

– மேனேஜர் சம்சாரத்துக்கு நான்தானே நீச்சல் சொல்லித் தரேன். கழுத்தளவு தண்ணியில நிக்கறப்போ எந்தப் பொம்பளையும் ரகசியம் வெச்சுக்க மாட்டா.

– தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் என்னை வாயடிக்க விட்ட?

– நீங்களா சொல்லணும்னு இருந்தேன். நான் போட்டு உடைச்சா உங்களுக்கு இன்னும் வலிக்கும்.

– சரி, சொல்லியாச்சு. வா, இந்தப் பெட்டியை அந்தப் பக்கம் பிடி. குளத்துல எப்போ சொல்லப் போற?

– போன வாரமே சொல்லிட்டேன், ஊருக்குக் கிளம்பறோம்னு. விட மாட்டோம்னுட்டாங்க.

– விசா இல்லாம எப்படி வெச்சுப்பாங்களாம்?

– அவங்களே எடுத்துக் குடுத்துட்டாங்க, என் பேர்ல. இன்னைக்குக் காலையில வந்துடுச்சு. இனிமே பையன் என் விசால இருப்பான்.

– ஓ. நல்லது. நல்லதுதான். அப்போ நீங்க ரெண்டு பேரும் இருங்க. என் துணியை மட்டும் தனியா எடுத்து வை. இந்தச் சின்னப் பெட்டி போதும் எனக்கு.

– அந்தப் பெட்டியைக் கீழ வைங்க. நாளைக்கு என்னோட வந்து உங்க விசாவுக்குக் கைரேகை வெக்கணும் நீங்க. இனிமே இந்த ஊருக்கு நான்தான் வேலைக்கு வந்தவ, நீங்க என்கூட வந்தவர்.