ஏழு ரப்பர் பேண்டும் ஒரு சிவப்புக் கட்டமும்

காலையிலிருந்து நாற்காலி தேயத் தலைமை தாங்கும் தலைமை மருத்துவர் அவர்களே! கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் மடித்து வைக்கும் பெரியோர்களே! கால்வலியைக் கண்ணில் காட்டாத தாய்மார்களே! ஒன்பதாவது பேச்சாளரின் ஓய்ந்துபோன வணக்கம்.

எனக்கு முன் எண்மர் வந்தார்கள். எக்ஸ்ரே படம் பார்க்கும் கணினியை எட்டுப் பேரும் ஏசினார்கள். என் அம்மாவின் நெஞ்சில் இல்லாத கட்டியை இருக்கிறது என்றதாம். மூட்டை கட்டி அனுப்ப வேண்டுமாம். மகளாயிற்றே, என்னையும் திட்டக் கூப்பிட்டார்கள்.

யாரங்கே, "சீக்கிரம் முடி" என்பது? முடிதான் ஐயா விஷயமே!

போன மாதம், அம்மாவின் வலது நுரையீரலின் மேல் கட்டி என்று கணினி ஒரு சிவப்புக் கட்டம் போட்டது. மூன்று நாள்! சோறு வெந்தது, உண்டவர் யார்? அணைத்து வைத்த தொலைக்காட்சியையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் சீருடைகளின் அறுந்த பொத்தான்களையெல்லாம் ஒரே மூச்சில் தைத்து வைத்தார். ஏன் இந்த அவசரம்? கேட்கும் துணிவு எனக்கு இருந்ததா?

நான்காம் நாள் மீண்டும் மருத்துவமனை. படமெடுக்கும் அக்கா பழைய படத்தை உற்றுப் பார்த்தார். நாளெல்லாம் "மூச்ச இழுங்க, அடக்குங்க" என்பதால் அவர் மூச்சக்கா.

"பின்னல் முன்னால விழுந்திருக்கும்மா. தூக்கிக் கொண்டை போடுங்க, இன்னொண்ணு எடுப்போம்."

எடுத்தார். கட்டம் காணோம்!

"ஆனா வெறும் முடி இவ்ளோ கெட்டியா விழாதே..." என்று என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மூன்றாம் வரிசையில் இருக்கும் அம்மா! முதல் படம் எடுக்கக் காத்திருந்தபோது நீ அசந்து தூங்கினாயே, அப்போது உன் பின்னலில் விளையாட்டாக ஏழு ரப்பர் பேண்டை உருண்டையாக முடிந்தவள் நான். வெளியே வந்ததும் ஓசையின்றி உருவியவளும் நானே.

கணினி பொய் சொன்னதா? இருந்ததைத்தான் இருக்கிறது என்றது. என்னவென்று விசாரிக்க அதற்குத் தெரியவில்லை, விசாரித்தவர் மூச்சக்கா. அவர் நேற்றுச் சொன்னார்: "நூறு படம் தாண்டினா என் கண்ணு ஓஞ்சிடும் பாப்பா. அது ஓயாது. அதையும் அனுப்பிட்டா, நான் எதையாவது பாக்காம விட்டா யாரு சொல்லுவா?"

அனுப்பாதீர்கள் ஐயா! அந்த ஓயாத கண்ணும் இருக்கட்டும், இந்த ஓய்ந்த கண்ணும் இருக்கட்டும். திட்டத்தான் வேண்டுமா? குற்றவாளி இதோ, ஒலிபெருக்கி முன்னால்!

அம்மா எழுந்து நிற்கிறார். பின்னலை அள்ளிக் கொண்டை போடுகிறார்.

"இறங்கி வாடி, வீட்ல வச்சுக்கறேன்!"

கேட்டீர்களா? அந்த மூன்று நாளும் இந்தக் குரலுக்குத்தான் வீடே ஏங்கிக் கிடந்தது. நான் உயிரோடிருக்கும்போதே நன்றி சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் தப்பித்தால், மீண்டும் வணக்கம்!