ஆவடை வாங்காத கோடி

மம்பட்டியை ஓரமா வைங்க. நூறு நாள் வேலை மேற்பார்வைக்காரப் பிள்ளை வர இன்னும் நேரம் கெடக்கு. ஊம் கொட்டிக்கிட்டே கேக்கணும், தூங்குறவளுக்குக் கதை கெடையாது.

ரயிலு வண்டி இந்தச் சீமைக்குப் புதுசா வந்த காலமாம். கொடுக்காப்பட்டின்னு ஒரு கரிசக்காட்டு ஊரு இருந்துச்சாம். இருந்துச்சாம் என்ன, இந்தா நாம உக்காந்திருக்கமே, இதே ஊருதான். அப்ப அறுவது வீடு. அறுவது வீடும் உழுது பெழைச்ச வீடு, ஆனா ஒரு அடி மண்ணுகூட அவுக பேர்ல இல்ல. எல்லாம் அரமனைக்குச் சொந்தம். உழுகிறவன் உழுதுக்கலாம், வெளஞ்சதுல பாதியை அரமனைக்குக் குடுத்திரணும்.

அந்த ஊர்ல ஆவடைன்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் செத்து ஆறு வருசம். ரெண்டு பொம்பளப் பிள்ளைக. ஒரு ஏக்கர் கரிசக்காடு, மாமனாருக்கு அப்பன் காலத்துல இருந்து அவுக வீட்டு உழவு. பொம்பள ஏர் புடிக்கக் கூடாதுன்னு ஆம்பளைக சொன்னாகளாம். "சரி, அப்ப நீ வந்து புடி"ன்னாளாம். ஒருத்தனும் வரல. அவளே புடிச்சா. வாய் கொஞ்சம் நீளம், ஆனா சொன்ன சொல்லு மாற மாட்டா. ஊருக்குள்ள எதையாவது நம்பி வைக்கணும்னா ஆவடை வீட்லதான் வைப்பாக.

அவளுக்கு ஒரே தம்பி, கொம்பையா. ஆத்தா சாகையில அவனுக்கு மூணு வயசு, இவளுக்குப் பத்து. இவதான் இடுப்புல தூக்கி வளத்தா. கூழு கரைச்சா முதல் கும்பா அவனுக்கு, வழிச்சது இவளுக்கு. அந்தக் கொம்பையா எனக்குப் பூட்டன். வெக்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் சொல்லணும்ல.

ஒரு வருசம் ஆவணி மாசம் அரமனைக் காரியக்காரர் குதிரையில வந்து எறங்குனாராம். அரமனை சோலி பூராவும் பாக்கிற பெரிய மனுசன். ஊரைக் கூட்டிச் சொன்னாராம், "இனிமே கம்பு இல்ல, சோளம் இல்ல. கரிசல் பூராவும் பருத்திதான் போடணும். பஞ்சு ரயிலேறிப் போகப் போகுது."

"அப்ப நாங்க எதைத் திங்கிறது?"ன்னு ஆவடை கேட்டாளாம்.

"பஞ்சை வித்து வாங்கித் தின்னு."

"போன பஞ்சத்துல சந்தைக்குப் போனோம் சாமி. கையில காசு இருந்துச்சு, சந்தையில தானியம் இல்ல. காசை ஒலையில போட்டா வேகுமா?"

காரியக்காரர் அவ மூஞ்சியை நல்லாப் பாத்து வச்சுக்கிட்டாராம். போயிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் ஊர்மடத்துல எல்லாரும் கூடுனாக. பருத்தி போட மாட்டோம், தானியம்தான் போடுவோம்னு பேச்சாச்சு. எவன் வீட்டு உழவையாவது அரமனை புடுங்குச்சுன்னா, அந்தக் காட்டுல இந்த ஊர்க்காரன் ஒருத்தனும் ஏர் பூட்டக் கூடாது. ஏர் பூட்ட ஆளில்லாட்டா காடு தரிசாக் கெடக்கும், அரமனை தானா எறங்கி வரும். நல்ல யோசனைதான். யோசனையில ஒரு கொறையும் இல்ல, மனுசங்கிட்டதான் கொறை.

வாய்ச்சொல்லு போதாதுன்னு ஒரு புதுப்பானையைக் கொண்டாந்து நடுவுல வச்சாக. வீட்டுக்கு ஒருத்தர் ரெண்டு கையும் சேத்து அவுக வீட்டு விதையை அள்ளி அதுல போடணும். விதையைத் தொட்டுச் சொன்ன சொல்லு மாறக் கூடாது, அது நம்ம பக்கத்து வழக்கம். பிச்சாண்டி வீடு இருங்குச் சோளம் போட்டுச்சு. கொல்லன் வீடு வரகு போட்டுச்சு. கம்பு, தினை, சாமைன்னு அறுவது வீட்டு விதையும் விழுந்துச்சு. கொம்பையா குதிரைவாலி போட்டான். போட்டுட்டுச் சொன்னானாம், "எங்க அக்கா காட்டுல ஒருத்தன் ஏர் பூட்ட வந்தான்னா, என்னைத் தாண்டித்தான் போகணும்." ஆவடைக்குக் கண்ணு கலங்கிருச்சாம். பானை வாயை மண்ணு வச்சுப் பூசி அவ வீட்லயே வச்சாக.

பத்து நாள் கழிச்சுக் காரியக்காரர் நேரா ஆவடை வீட்டு வாசல்ல வந்து நின்னாரு.

"பருத்தி போடுவியா, மாட்டியா?"

"மாட்டேன் சாமி."

அம்புட்டுத்தான் பேச்சு. நாலு மூலையிலயும் கல்லு நட்டு, இனிமே இந்தக் காட்டுல கால் வைக்காதேன்னுட்டாக. கல்லு நட்ட ஆளுகளுக்கு ஆவடை மோரு குடுத்தாளாம். அவளுக்கு என்ன பயம்? அறுவது வீடு பின்னால நிக்குதுல்ல. மகளுக அழுததுக்கு, "அழாதீக. ஊரு இருக்கு, மாமன் இருக்கான்"னாளாம்.

புரட்டாசி கடைசியில மழை எறங்குச்சு. மறுநாள் விடியக்காலம் வெள்ளாப்புல மண்ணு நல்ல பதம். அரமனை எவனையாவது ஏரோட அனுப்புனா எல்லாரும் போயி காட்டுல நிக்கணும்ங்கிறது ஏற்பாடு. அதுக்கு ஆள் கூப்புடக் கெளம்புனா ஆவடை.

முதல்ல பிச்சாண்டி வீட்டுக்குப் போனா. வாசல்ல பருத்தி விதை காயுது. நீங்க எல்லாம் பாக்கெட்டு விதை போடுறவளுக, உங்களுக்குத் தெரியாது. நாட்டுப் பருத்தி விதையில பஞ்சு ஒட்டியிருக்கும், ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடும். சாணியில உருட்டிக் காய வச்சாத்தான் விதைக்க முடியும்.

"இது என்ன பிச்சாண்டி?"

"மாட்டுக்கு வச்சிருக்கேன் ஆவடை."

"மாட்டுக்குப் போடுற கொட்டையைச் சாணியில உருட்டுவியா?"

அடுத்த வீட்டுக்குப் போனா. அவ வர்றதைப் பாத்துட்டு அந்த வீட்டுக்காரி சாக்கை எடுத்து மூடி, சாக்கு மேலயே உக்காந்துட்டாளாம். அடுத்த வீடு. அங்கயும் சாணி வாசம். அதுக்கடுத்த வீடு, அங்கயும் சாணி வாசம். காரியக்காரர் ஒவ்வொரு வீடாக் கூப்புட்டு, "நீ போடாட்டா ஆவடை கதிதான் உனக்கும்"னு சொல்லி விதையைக் குடுத்து அனுப்பியிருக்காரு. ஒருத்தன்கூட அதை அவகிட்டச் சொல்லல. மழைக்கு முந்தியே எல்லாம் முடிஞ்சிருச்சு.

கடைசியாத் தம்பி வீட்டுக்குப் போனா. இவனாவது, இவனாவதுன்னு சொல்லிக்கிட்டே போனாளாம். தம்பி பொண்டாட்டி முழங்கை வரைக்கும் சாணியோட நிக்கா. கையைப் பின்னால மறைச்சுக்கிட்டா.

"எங்க அவன்?"

"காட்டுக்குப் போயிருக்காக மதினி."

"எந்தக் காட்டுக்கு?"

அவ கண்ணு ஆவடை காட்டுப் பக்கம் போச்சு. பேசணுமா என்ன?

ஆவடை போய்ச் சேரையில கொம்பையா அவ காட்டுல கால்வாசி உழுதுட்டானாம். அக்காளைப் பாத்ததும் மாட்டை நிறுத்துனான். நிறுத்திட்டுச் சொன்னான், "அக்கா, நான் எடுக்காட்டா அசலூர்க்காரனுக்குக் குடுத்திருவேன்னாக. நம்ம கைக்குள்ள இருக்கட்டும்னுதான் எடுத்தேன். நீ பட்டினி கெடக்க விட்டுருவேனா? வெளஞ்சா உனக்கு இல்லாததா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ வேண்டாம்பே."

"வேண்டாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சுதானே கேக்கல."

அவன் மாட்டு முதுகைத் தடவிக்கிட்டு நின்னானாம். ஆவடை ஏசல. மண்ணை வாரித் தூத்தல. "சரி, உழுது முடி"ன்னுட்டு வரப்புல உக்காந்துட்டா. அவன் உழுதான். அக்கா பாத்துக்கிட்டு இருக்க, அம்புட்டையும் உழுதான்.

உழுது முடிச்சதும் ஆவடை எந்திரிச்சு வீட்டுக்குப் போனா. பானையைத் தூக்கிட்டு வந்தா. சாயங்கால வெயில். அக்கம்பக்கத்துக் காட்டுல எல்லாம் ஊர்க்காரன்தான் நிக்கான், எல்லாவன் மடியிலயும் பருத்தி விதை. அம்புட்டுப் பேரும் பாக்க, கல்லு நட்ட காட்டுக்குள்ள எறங்குனா. பானை வாயை உடைச்சா. அறுவது வீட்டு விதையையும் கலந்து அள்ளி அள்ளி வீசுனா. ஒரு மூலை விடல. யாராச்சும் தடுத்தாகளா? யாருக்கு வாய் இருக்கு? கொம்பையாகூடக் கையைக் கட்டிக்கிட்டு நின்னானாம்.

வெதச்சு முடிச்சுட்டு வெறும்பானையைத் தம்பி காலடியில வச்சா. "உங்க எல்லாருடைய விதையும் இங்க இருக்கு. நல்லா இருங்க"ன்னா. அன்னைக்கே ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு மேற்க மலைப்பக்கம் போயிட்டாளாம். அவ போன ராத்திரியே மழை புடிச்சுக்கிட்டு நாலு நாள் ஊத்துச்சு. கரிசல் நனைஞ்சா கால் வைக்க முடியுமா? மறுபடி உழுது பருத்தி போட வழியில்ல. அவ வெதச்சதுதான் மொளைச்சுச்சு.

ஊர் பூராவும் பருத்தி, நடுவுல ஒரு ஏக்கர் மட்டும் தானியம். கதிர் வாங்க வாங்க அவனவனுக்கு அடையாளம் தெரிஞ்சு போச்சு. இந்தா எங்க வீட்டு இருங்கு, இந்தா எங்க வரகு, இந்தா கொம்பையா வீட்டுக் குதிரைவாலி. அந்த வழியாப் போறவுக தலையைக் குனிஞ்சுக்கிட்டே போனாகளாம். தை மாசம் பஞ்சு ரயிலேறிப் போச்சு. சந்தையில மறுபடியும் தானியம் இல்ல. பிள்ளைக பசியில கத்துதுக. காட்டுல கதிரு முத்தி நிக்குது. ஒருத்தனுக்கும் அரிவாளைக் கொண்டு போகக் கை வரல. காரியக்காரர் அசலூர் ஆளுகளைக் கூட்டியாந்தாரு. அவுகளும் விசயத்தைக் கேட்டுட்டு அரிவாளை இடுப்புல சொருகிட்டுப் போயிட்டாக.

கொம்பையா ரெண்டு நாள் நடந்து மலைப்பக்கம் போயி அக்காளைக் கண்டுபுடிச்சானாம். யாரு காட்டுலயோ களை எடுத்துக்கிட்டு இருந்தா.

"அக்கா, நீ வந்து ஒரு கதிரை அறு. நீ அறுத்தா நாங்களும் அறுப்போம். பிள்ளைக பட்டினி."

"பிள்ளைகளைக் கூட்டிட்டு வா, இருக்கிற கூழை ஊத்துறேன். அந்தக் காட்டுக்கு வர மாட்டேன். அது என் பயிரு இல்ல தம்பி, நீங்க குடுத்த வாக்கு. நீங்களே தின்னுக்கங்க."

திரும்பிக் களையெடுக்கப் போயிட்டாளாம். கதிரைக் குருவி தின்னுச்சு, மிச்சம் உதுந்துச்சு. உதுந்தது அடுத்த வருசம் தானா மொளைச்சுச்சு. அதுலயும் ஒருத்தனும் கை வைக்கல. அரமனையும் சலிச்சுப்போயி அந்தக் காட்டை விட்டுருச்சு.

இருபது வருசம் கழிச்சு ஆவடை செத்துட்டான்னு சேதி வந்துச்சு. பொம்பள செத்தா பொறந்த வீட்டுக் கோடி விழணும். கூடப் பொறந்தவன் கொண்டு போற புதுச்சேலை அது, அது விழாம ஒரு பொம்பளையும் சுடுகாட்டுக்குப் போறதில்ல. கொம்பையா கோடி எடுத்துக்கிட்டு ஓடுனான். வாசல்ல அவ மூத்த மக குறுக்க நின்னாளாம்.

"மாமா, ஆத்தா சொல்லிட்டுத்தான் செத்துச்சு. என் மேல போத்தப் பொறந்த ஊர்ல இருந்து பருத்தி வரும், வாங்காதேன்னு."

கொம்பையா அந்த வாசல்லயே உக்காந்து அழுதானாம். அழுது என்ன? அவன் முன்னாலயே பொணத்தைத் தூக்கிட்டுப் போயிட்டாக, கோடி இல்லாம.

எடுத்த கோடியை வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது. ஊருக்கு வந்தவன் நேரா ஆவடை காட்டுக்குப் போயி, வரப்புல நின்ன வேலமரத்துல அதைக் கட்டிட்டு வந்தான். மழையிலயும் வெயில்லயும் அது நைஞ்சு போச்சு. மறுவருசம் புதுசு கட்டுனான். அவன் மகன் கட்டுனான். எங்க அப்பன் கட்டுனாரு. இப்ப எங்க அண்ணன் கட்டுறான்.

அதனாலதான் இன்னைக்கும் விதைப்புக்கு முதல் நாள் வீட்டுக்கு ரெண்டு கை தானியத்தை அந்தக் காட்டுல கலந்து வீசுறோம். வெளஞ்சா அறுக்குறதில்ல. பருத்தி போடுறவனும் கடையில தானியம் வாங்கியாந்து வீசுறான். ரோட்டுல போறவுக மரத்துல சேலையைப் பாத்துட்டு, ஏதோ அம்மன்னு நெனச்சு வண்டியை நிறுத்திக் கும்புட்டுட்டுப் போறாக. நாங்க கும்புடுறதில்ல. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கும்புட? வருசா வருசம் கோடியை நீட்டுறோம், அம்புட்டுத்தான். அவ இன்னும் வாங்கிக்கல.