எண்பத்து நான்காம் எண் குடிசையின் இரண்டு யோனாஸ்கள்

முப்பது ஆண்டுகளாக இந்தச் சங்கத்தைத் தோளில் சுமந்து நிற்கும் பேரவைத் தலைவர், தீயணைப்புப் படையின் முன்னாள் தளபதி, என் ஒன்றுவிட்ட அண்ணன் ஹில்டிங் அவர்களே! கூட்டக் குறிப்பையும் காப்பிக் குவளையையும் ஒருசேரக் கையில் ஏந்தி ஓடிக்கொண்டிருக்கும் செயலாளர் மாய்-பிரிட் அவர்களே! முன்வரிசையை முழுதாய் ஆட்கொண்டு அமர்ந்திருக்கும் முதியோர்களே! பெற்று வளர்த்துப் பெயரிட்டுப் பேணி, ஆனால் பதிவேட்டில் மட்டும் கணவன் பெயருக்குக் கீழே ஒரு வரியில் ஒடுங்கிப்போன தாய்மார்களின் வழிவந்த தாய்மார்களே! கொசுக்கடியையும் என் பேச்சையும் தாங்கிக்கொள்ள லிண்டரிட் ஊருக்குத் திரண்டு வந்திருக்கும் ராஸ்க் வழித்தோன்றல்களே! அனைவருக்கும் இங்காலிலின் அன்பான வணக்கம்.

முன்னோரைத் தேடுவது என்ன தொழிலா? இல்லை. தவமா? அதுவும் இல்லை. பொழுதுபோக்கு என்கிறார்கள். என் பொழுது போனது, போகவேண்டிய பயணங்கள் போயின, என் கண் போனது. தேடல் மட்டும் போகவில்லை. ஆவணக் காப்பகத்தில் நுண்படச் சுருளைச் சுற்றிச் சுற்றித் தோள் இறங்கியவள் நான். ஒரு போதகர் எழுதினால் முத்து. அடுத்த போதகர் எழுதினால் மைக்குள் விழுந்த ஈ நடந்துபோன தடம். வேண்டிய ஆண்டின் ஏட்டைத் தீ தின்றிருக்கும். தீ விட்டதை எலி தின்றிருக்கும். எலி விட்டதை ஈரம் தின்றிருக்கும். எல்லாம் தப்பி ஒரே ஒரு பக்கம் கிடைத்து, அதில் நாம் தேடிய பெயர் எழுந்து நிற்கும்போது வருகிறதே ஒரு மகிழ்ச்சி, அதை நான் என் திருமணத்தன்றுகூட அடையவில்லை. என் கணவர் அதோ அமர்ந்திருக்கிறார். அவருக்கும் இது தெரியும்.

அந்த மகிழ்ச்சியில்தான் முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன்னால் நான் ஒரு தவறு செய்தேன். ஆம், நான்தான். இந்தச் சங்கமே நின்றுகொண்டிருக்கும் தவறு அது.

நமக்கெல்லாம் தெரிந்த முன்னோர் கார்ல், செருப்புத் தைத்தவர், 1840இல் பிறந்தவர். அவருடைய பிறப்புப் பதிவில், தந்தை யோனாஸ் ராஸ்க், லிண்டரிட், எண்பத்து நான்காம் எண் படைவீரர் குடிசை என்று இருந்தது. படைப் பட்டியலைப் புரட்டினேன். எண்பத்து நான்கு, யோனாஸ் ராஸ்க். பக்கத்திலேயே ஒரு குறிப்பு: 1808ஆம் ஆண்டுப் போரில், குண்டு மழைக்கு நடுவே, காயம்பட்ட தலைவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தவன். காப்பகம் என்றும் பாராமல் கை தட்டிவிட்டேன். ஊழியர் வந்து உதட்டில் விரல் வைத்துவிட்டுப் போனார்.

ஊரெல்லாம் சொன்னேன். உறவெல்லாம் சேர்ந்தது. சங்கம் பிறந்தது. யோனாஸின் படம் வேண்டும் என்றார்கள், படம் ஏது? ஹில்டிங் அண்ணன் மீசை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார், வரைந்துவிட்டோம். இன்றைக்கும் நீங்கள் காப்பி குடிக்கிற குவளையில் இருப்பது அந்த முகம்தான்.

முதல் கூட்டத்தில் ஒரே ஒரு பெண் எழுந்து கேட்டாள். மாய்-பிரிட்தான். வீரர் பிறந்தது 1779. பிள்ளை பிறந்தது 1840. அறுபத்தோரு வயதில் பிள்ளையா என்றாள். நான் என்ன சொன்னேன்? "அவர் என்ன சாதாரண ஆளா, ஆத்தையே தாண்டினவரு," என்றேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மாய்-பிரிட் உட்கார்ந்துவிட்டாள். மாய்-பிரிட், முப்பது ஆண்டு தாமதமாக, இத்தனை பேர் முன்னிலையில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கணக்குப் போட்டவள் நீ. கதை கட்டியவள் நான்.

ஏன் சலசலப்பு? சொல்கிறேன், பொறுங்கள்.

கடந்த பிப்ரவரியில், வடக்கே ஒரு படை மருத்துவமனையின் இறந்தோர் பட்டியல் என் கைக்கு வந்தது. எண்பத்து நான்கு, யோனாஸ் ராஸ்க், காய்ச்சல், 1809 ஜனவரி. கார்ல் பிறப்பதற்கு முப்பத்தோர் ஆண்டு முன்னால்! நம் குடும்பத்து ஆண்கள் பிடிவாதக்காரர்கள்தான். ஆனாலும் அவ்வளவு பிடிவாதம் யாருக்கும் கிடையாது.

வேறு யாருக்கு வரும் இந்தத் தவறு? நமக்குத்தான் வரும். நம் பழைய படைமுறையில் படைவீரன் குடிசைக்கு ஓர் எண்; அந்த எண்ணுக்கு ஒரு பெயர். ஆள் சாவான், ஆள் வருவான். வருகிறவன் குடிசையையும் சீருடையையும் வாங்கிக்கொண்டு அந்தப் பெயரையும் வாங்கிக்கொள்வான். ராஸ்க் செத்தால் அடுத்தவன் ராஸ்க். இது தெரிந்த நானே வழுக்கி விழுந்தேன். அதோடு நின்றதா? என் தவறை இணையத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். மின்னசோட்டாவிலிருந்து ஒருவர் என் தவறையே ஆதாரமாகக் காட்டி, என்னைத் திருத்திக் கடிதம் போட்டார்!

சிரியுங்கள். ஆனால் மார்ச்சு மாதம் ஹில்டிங் அண்ணன் வீட்டுச் சமையலறையில் யாரும் சிரிக்கவில்லை. இந்த முப்பதாம் ஆண்டு நிறைவுக்காகக் குடிசை இருந்த இடத்தில் நட, கருங்கல் வந்து இறங்கிவிட்டது. "எங்கள் மூதாதை யோனாஸ் ராஸ்க்" என்று வெட்டச் சொல்லியாயிற்று. நான் தாளை மேசைமேல் வைத்தேன். அவர் படித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். காப்பி வைத்தவர் ஊற்ற மறந்துவிட்டார்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னால் மரம் அறுக்கும் ஆலைக்குப் பக்கத்து வீடு எரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மாடியில் ஒரு பெண் சிக்கிக்கொண்டாள். படி எரிந்துகொண்டிருந்தது. ஹில்டிங் ஏறினார், இறக்கினார். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. அன்றைக்குத்தான் பேசினார்.

"இங்கா, அந்தப் படிக்குக் கீழ நின்னப்போ எனக்குக் கால் நகரல. யோனாஸ் முதுகுல ஆளைத் தூக்கிக்கிட்டு ஆத்தைத் தாண்டினான், எனக்கும் அதே ரத்தம்தானேன்னு சொல்லிக்கிட்டேதான் ஏறினேன். இப்ப அவன் நமக்கு யாருமே இல்லேங்கற. அப்ப ஏறினது யாரு?"

"நீங்கதான் அண்ணா. அந்தப் படியில வேற யாரும் இல்ல," என்றேன். அவர் தலையை அசைத்தார்; ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. மூன்று வாரம் தொலைபேசியை எடுக்கவில்லை. எனக்கு நெஞ்சு தாங்கவில்லை. ஒரு மனிதரிடமிருந்து மூதாதையைப் பிடுங்கிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? அந்த இடத்தில் வேறொருவரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டாமா? மறுபடியும் காப்பகத்துக்கு ஓடினேன்.

கிடைத்தார் நம்முடைய மூதாதை. பேர் பேட்டர். 1810இல் எண்பத்து நான்காம் எண்ணுக்கு வந்த ஆள். வயது இருபத்திரண்டு. ராஸ்க் என்றால் விரைவானவன் என்று பொருள். இவரைப் பற்றிப் படை மேற்பார்வைக் குறிப்பு என்ன சொல்கிறது தெரியுமா? "மூச்சு வாங்குகிறது. அணிநடையில் பின்தங்குகிறார்." ஐந்து ஆண்டு கழித்து: "இன்னும் பின்தங்குகிறார்." போர் பார்த்ததில்லை. ஆறு தாண்டியதில்லை. அதிகம் போனால் உருளைக்கிழங்குப் பாத்தி தாண்டியிருப்பார். போதகர் எழுதுகிறார்: "வாசிப்பு சுமார். மறைப்பாடம் அதைவிடச் சுமார்."

யாரது, பின்வரிசையில் "இவரா நம்ம ஆளு" என்பது? இவரேதான் ஐயா. உங்கள் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் புரட்டினேன். வீரன் யோனாஸ் செத்ததும், அவன் மனைவி ஸ்டீனா இரண்டு பெண் குழந்தைகளோடு குடிசையைக் காலி செய்யவேண்டிய நிலை. புதிய படைவீரனுக்கு வீடு வேண்டுமே. பேட்டர் வந்தார். ஸ்டீனாவை வெளியே போகச் சொல்லவில்லை. தன்னைவிட ஒன்பது வயது மூத்தவளை, இரண்டு பிள்ளைகளோடு, அந்த இலையுதிர் காலத்திலேயே மணந்துகொண்டார். மறு ஆண்டு ஆண் குழந்தை. ஞானஸ்நானப் பதிவில் பெயர்: யோனாஸ்!

அதே குடிசையில் வளர்ந்து, ராஸ்க் என்ற பெயரையும் ஏற்ற இந்த யோனாஸ்தான் கார்லின் தந்தை. நான் மூதாதையென்று நினைத்து முப்பது ஆண்டு தூக்கிக் கொண்டாடிய யோனாஸ் வேறு. நம்மைப் பெற்ற யோனாஸ் வேறு.

அண்ணனைத் தொலைபேசியில் பிடித்து இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அணிநடைக் குறிப்பில் சிரித்துவிட்டார். ஞானஸ்நானப் பதிவில் நின்றுவிட்டார்.

"மொதப் பையனுக்கா?"

"மொதப் பையனுக்குத்தான் அண்ணா."

"எங்க அப்பா பேரையே என் பையனுக்கு வைக்கமாட்டேன்னு ஒரு வருஷம் சண்டை போட்டவன் நான்," என்றார். பிறகு அவர் அழுதது எனக்குக் கேட்டது.

வழக்கம்தானே என்பீர்கள். கைம்பெண்ணை மணந்தால் முதல் மகனுக்கு இறந்தவன் பெயர். நம் ஊர்களில் அப்படித்தான். நானும் அறிவேன். ஆனால் வழக்கம் என்பது தானாக நடந்துவிடுமா? ஒரு மனிதன் வாயைத் திறந்து போதகர் முன்னால் அந்தப் பெயரைச் சொன்னால்தானே நடக்கும்? செத்தவன் வீட்டில் குடியிருந்தான். செத்தவன் சீருடையை உடுத்தினான். செத்தவன் பெயரைச் சுமந்தான். தனக்கென்று முதன்முதலாகக் கையில் வந்தது ஒரே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையையும் செத்தவன் பெயராலேயே அழைத்தான்! வயலிலிருந்து யோனாஸ் என்று கூப்பிட்டான். சாப்பாட்டுக்கு யோனாஸ் என்று கூப்பிட்டான். ஸ்டீனாவின் காதில் விழட்டும் என்று கூப்பிட்டான். குண்டு இருந்ததா? இல்லை. பதக்கம் இருந்ததா? இல்லை. பட்டியலில் ஒரு பாராட்டு வரி இருந்ததா? அதுவும் இல்லை! அப்படியானால் அது வீரம் இல்லையா? சொல்லுங்கள், வீரம் இல்லையா?

வீரன் யோனாஸின் ரத்தம் நம்மிடம் ஒரு சொட்டும் இல்லை, அன்பர்களே. அப்படியிருந்தும் அவன் நம்மவன். நான் கண்டுபிடித்ததால் அல்ல. பேட்டர் அவனை நம் வீட்டுக்குள் அழைத்ததால். ஹில்டிங் அண்ணா, அந்தப் படியில் ஏறியது நீங்கள். உங்கள் காதில் ஒலித்த பெயரை வைத்தது பேட்டர். இரண்டில் ஒன்றையும் இனி யாரும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாது, நானும்கூட!

கல்வெட்டுபவர் வெளியே காத்திருக்கிறார். பழைய வாசகம் இனி ஆகாது. இன்று காலை தலைவர் என் கையில் ஒரு தாளைத் தந்து, கல்லில் இதை வெட்டலாமா என்று சபையைக் கேட்கச் சொன்னார். தானே படித்தால் குரல் நிற்காது என்றார். நான் படிக்கிறேன்.

"ஸ்டீனாவும் பேட்டரும் இங்கே வாழ்ந்தார்கள். தங்கள் முதல் மகனுக்கு யோனாஸ் என்று பெயரிட்டார்கள்."

ஏற்போர் கை உயர்த்துங்கள்.

மாய்-பிரிட், எண்ண வேண்டாம் அம்மா, உட்கார். ஒரு கைகூடக் கீழே இல்லை.

தவறியவளைப் பொறுத்து, தடுக்காமல் கேட்டுத் தாங்கிக்கொண்ட தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. லிண்டரிட்டின் ஈரமண்ணில் இன்று காலூன்றி நிற்கும் அத்தனை பேருக்கும் வணக்கம். வாருங்கள் அண்ணா, என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாமே போய்க் கல்வெட்டுபவரிடம் சொல்லிவிடலாம்.